வயலின்காரனுக்கு மாட்டுக் களிம்பு

— கையை நீட்டுன்னா நீட்டு, கிளிமெக். பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி என்ன கூச்சம்?

— அனியெலா, அந்த டப்பா மேல பசுமாட்டுப் படம் போட்டிருக்கு.

— போட்டிருக்கும். மடி வெடிச்ச மாட்டுக்குத் தடவுற களிம்பு அது.

— நான் வயலின்காரன் தாயே! இந்த மலையில நான் வாசிக்காத கல்யாணம் உண்டா?

— என் மாடு உன்னைவிட ஒழுங்கா நிக்கும். ஐயோ, இது கையா, தண்ணி வத்தின ஏரியா? கட்டைவிரல் முட்டியில பாரு, இந்த வெடிப்புக்குள்ள எறும்பு குடித்தனமே நடத்தலாம்.

— ஜனவரி மாசம் பின்ன எப்படி இருக்கும்? வீட்டுக்குள்ள அடுப்பு வறுக்குது, வெளிய பனி கடிக்குது. தோலு என்னதான் பண்ணும் பாவம்.

— தோல் மேல பழி போடாதே. கொதிக்கிற தண்ணியில பாத்திரம் கழுவுவே, ஈரக் கையோட விறகு பொளக்க ஓடுவே. கட்டிக்கிட்டவ ஒருத்தி இருந்திருந்தா காதைத் திருகியிருப்பா.

— இருந்திருந்தா பாத்திரத்தை அவளே கழுவியிருப்பா.

— இந்த வாய்க்குத்தான் ஒருத்தியும் வரலை. படுக்கும்போது எதாவது தடவுறியா?

— ஆட்டுக் கொழுப்பு. தடவிட்டு, ரெண்டு கையிலயும் கம்பளிக் காலுறையை மாட்டிக்கிட்டுப் படுப்பேன்.

— நல்லதுதானே?

— ரொம்ப நல்லது. நாய்க்கு. காலுறையை ஓட்டை போட்டு நக்குது சனியன்.

— சிரிக்க வைக்காதே. பக்கத்து அறையில ஃப்ளோரெக் சவப்பெட்டியில படுத்திருக்காரு.

— அவனுக்குக் கேக்கவா போகுது? உயிரோட இருந்தப்பவே காது மந்தம். இல்லேன்னா தான் வாசிக்கிறதைத் தானே இத்தனை வருஷம் தாங்கியிருப்பானா?

— யோவ், என் புருஷன்யா அவரு.

— உனக்குப் புருஷன். எனக்கு எதிரி. வாலிபத்துல இருந்து திட்டிக்கிட்டே வந்திருக்கேன். இன்னிக்குத் திடீர்னு நிறுத்தினா அவனுக்கே சந்தேகம் வந்துடும், எழுந்து உக்காந்துடுவான்.

— போதும். இடது கையைக் கொடு. கடவுளே, ஆள்காட்டி விரல் நுனி ரெண்டாப் பிளந்திருக்கே!

— அதான் கொடுமையே. தந்தி நேரா அந்தப் பிளவுக்குள்ளதான் போய் உக்காருது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் உச்சி மண்டை வரைக்கும் சுரீர்னு ஏறுது.

— நுனிக்குக் களிம்பு ஆகாது. தந்தி மேல வழுக்கும்.

— எனக்கா சொல்றே? அந்தப் பாடத்தை உன் புருஷன் எப்பவோ நடத்திட்டான். ஆலைக்காரன் மக கல்யாணத்துல, நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, என் வில்லோட குதிரைமுடி பூரா பன்றிக் கொழுப்பைத் தடவி வச்சிட்டான். பொண்ணு ஆடக் காலைத் தூக்கிட்டா. நான் இழுக்கிறேன், இழுக்கிறேன், சத்தமே வரலை. தூக்கின காலோட அவ நிக்கிறா, கொக்கு மாதிரி.

— நீ மட்டும் யோக்கியமா? அவரு வயலின் பெட்டியில கருவாட்டை வச்சது யாரு?

— கருவாடு இல்லை தாயே, உப்புல ஊறின மீன். அதுவும் பாதிதான். மீதியை நான் தின்னுட்டேன்.

— ஈஸ்டர் வரைக்கும் வீடு நாறிச்சு. அவரு வயலினை எடுத்தாலே ஊர்ப் பூனையெல்லாம் ஜன்னல்ல வந்து உக்காந்துடும்.

— அவனுக்குச் சேர்ந்த ஒரே ரசிகர் கூட்டம். அதுக்கு எனக்கு அவன் நன்றி சொல்லியிருக்கணும்.

— அசையாதே. இப்ப கொஞ்சம் எரியும்.

— என்ன அது? ஐயோ! அடிப்பாவி! எரியுது!

— பசை. பிஞ்ச செருப்பை ஒட்டுறது. கிராகோவ் பட்டணத்துல கோட்டு போட்டு வாசிக்கிற பெரிய மனுஷங்களே விரல் வெடிப்பை இதாலதான் ஒட்டிக்கிறாங்களாம். ஊது.

— மாட்டுக் களிம்பு, செருப்புப் பசை. அடுத்தது என்ன, டிராக்டர் எண்ணெயா?

— பசை மிச்சம் இருக்கு. வாய்க்கும் கொஞ்சம் போடவா?

— நான் சொல்றேன் கேளு, இது அவன் வாங்குற பழி. சாகுறவன் ஒவ்வொருத்தனும் மன்னிப்பு கேப்பான், இல்ல நிலத்தைப் பிரிச்சுக் கொடுப்பான். இவன் என்ன சொல்லிட்டுப் போயிருக்கான்? ‘என் குழி மேல கிளிமெக்தான் வாசிக்கணும்’. ஏன், ஜூன் மாசம் செத்திருக்கக் கூடாதா? புல்லு பச்சையா இருக்கும், நானும் ஜோரா வாசிச்சிருப்பேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, என் கை வெடிக்கிற வரைக்கும் காத்திருந்து செத்திருக்கான்!

— பிடிக்கலேன்னா வர முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்.

— எப்படிச் சொல்றது? செத்தவன் கேட்டிருக்கான். மாட்டேன்னா, கிளிமெக் குளிருக்குப் பயந்துட்டான்னு சாராயக்கடை பூரா பேசுவாங்க. அதோட...

— அதோட?

— ஒண்ணுமில்லை. நீ ஊது, எனக்கு மூச்சு வாங்குது.

— அண்ணி! அண்ணி! பாதிரியார் வந்துட்டாரு, பனிவண்டியில குதிரை பூட்டியாச்சு, மாதாவே, என்ன நாத்தம் இது?

— மாட்டுக் களிம்பு, ஸ்டெஃபா. உள்ள வராதே, தரையெல்லாம் பனி ஆகுது.

— அந்தப் பக்கம் என் அண்ணன் பொணம். இந்தப் பக்கம் நீங்க இந்த மனுஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு! மாதாவே, யாராவது பார்த்தா?

— கதவை மூடிட்டுப் போனா யாரும் பார்க்க மாட்டாங்க.

— உங்களுக்கு என்னதான் ஆச்சு அண்ணி? அண்ணன் கண்ணை மூடினதுல இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஜெபமாலை சொல்ல வந்தவங்க எல்லாரும் மாதாவை விட்டுட்டு உங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கைக்குட்டைக்குள்ள வெங்காயத்தையாவது வச்சுக்கோங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?

— ஸ்டெஃபா, பாதிரியாருக்கு ஒரு கிளாஸ் பிளம் சாராயம் ஊத்து. இல்லேன்னா அவருக்குக் குழி கிட்ட நாக்கு ஒட்டிக்கும்.

— மாதாவே, நீதான் பார்த்துக்கணும் இந்த வீட்டை...

— போயிட்டாளா?

— போயிட்டா. ரெண்டு கிளாஸ் ஊத்துவா, ஒண்ணு அவளுக்கு. நீ அந்தக் கையை ஆட்டாதே.

— அனியெலா... நிஜமாவே அழுகை வரலையா?

— வரலை. மாட்டுக்குத் தீனி வைக்கிறேன், ரொட்டி சுடுறேன், வர்றவங்களுக்கெல்லாம் டீ கொடுக்கிறேன். வாசல்ல அவரு பூட்ஸ் கிடக்கு, அதைத் தாண்டித் தாண்டிப் போறேன். ஒண்ணும் வரமாட்டேங்குது. அவரு நல்ல மனுஷன் கிளிமெக். எனக்கு ஒரு குறையும் வைக்கலை. எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சாரு, வயலின் ஒண்ணைத் தவிர.

— இதை அவன் காதுபட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் நீ.

— சொன்னா தாங்க மாட்டாரு. தன் கல்யாணத்துக்குத் தானே வாசிச்ச மாப்பிள்ளை அவரு.

— வயலினை என் கையில இருந்து பிடுங்கினான். பாதிப் பாட்டுல. இன்னி வரைக்கும் எதுக்குன்னு எனக்குப் புரியலை. என்னவோ நான் பொண்ணையே தூக்கிட்டுப் போயிடுவேங்கிற மாதிரி.

— சரி சரி, பசை காய்ஞ்சுடுச்சு. நகம் தேய்க்கிற அரத்தால ஓரத்தை வழவழன்னு பண்றேன். இப்ப மேசையில தட்டிப் பாரு.

— மரக்கட்டை மாதிரி இருக்கு. அட, வலிக்கலை. நிஜமா வலிக்கலை!

— இந்தா, வெந்த உருளைக்கிழங்கு ரெண்டு. சூடா இருக்கு. கோட்டுப் பைக்கு ஒண்ணாப் போட்டுக்கோ, கை விறைக்காது. குழி கிட்ட போற வரைக்கும் கையை வெளிய எடுக்காதே.

— வாசிச்சு முடிச்சதும் தின்னுக்கலாமா?

— எல்லாரும் போனப்புறம் தின்னு.

— சொல்லிட்டேன், அந்தக் குளிர்ல பசை பாதியிலயே பிச்சுக்கும். தந்தி சுருதி விலகும். ரத்தம் வழியும். அவன் மேல இருந்து பார்த்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பான்.

— சிரிச்சா சிரிக்கட்டும். ரத்தம் வந்தாலும் நிறுத்தாதே.

— என்ன வாசிக்கணும்னு ஏதாவது சொன்னானா?

— ஆடு ஓட்டிக்கிட்டு மேட்டுக்குப் போறப்ப வாசிப்பியே, மெதுவா ஒண்ணு. அது.

— அது கல்யாணத்துல வாசிக்கிறது இல்லையே. எனக்கும் ஆடுங்களுக்கும்தான் தெரியும். ஃப்ளோரெக் அதை எங்க கேட்டான்?

— அவரு கேட்டதில்லை. எங்க சமையக்கட்டு ஜன்னல் அந்த மேட்டைப் பார்த்துத்தான் இருக்கு.

— இரு, இரு. அப்போ ஃப்ளோரெக் சொன்னதுன்னு நீ எனக்கு ஆள் விட்டுச் சொன்னது?

— ஃப்ளோரெக் சொன்னது வேற. ‘யாரு வேணா வாசிக்கட்டும், கிளிமெக் மட்டும் வேண்டாம். அவன் வாசிச்சா நீ அழுதுடுவே’ன்னாரு.