பதினான்காவது ஷரத்து

எனக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வராது, ஐயா. லீவு விண்ணப்பத்தைக்கூடப் பழையதைப் பார்த்துத்தான் எழுதுவேன். ஒருமுறை தேதியையும் சேர்த்து இறக்கிவிட்டு, போன வருஷமே தீர்ந்துபோன காய்ச்சலுக்கு இந்த வருஷம் லீவு கேட்டிருக்கிறேன். இப்பேர்ப்பட்ட வேதமுத்துவைத்தான் அம்பத்தூரில் இருக்கும் எங்கள் நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவுக் கண்காணிப்பாளராக உட்கார வைத்தார்கள். வெளிக் கல்லூரிகளோடு கூட்டாக ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தம் தயாரிப்பது என் வேலை. இதுவரை ஒரு தணிக்கை ஆட்சேபணை கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது ஒப்பந்தம் வேண்டுமென்றால் பழையதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவோம். ஏற்கனவே கையெழுத்தான காகிதத்தில் எவனும் குற்றம் கண்டுபிடிக்க மாட்டான். திருநின்றவூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளைச் சோதிக்க ஒரு தனியார் கல்லூரி முன்வந்தபோது, நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்து ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தது. ராணுவ வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட் பற்றியது. அதில் பதினான்காவது ஷரத்து: இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்காமல் ஆய்வு முடிவை மூன்றாவது ஆளிடம் சொல்லக் கூடாது. பெயிண்டுக்கு அது நியாயம். தண்ணீருக்கும் அப்படியே இறக்கினேன். சுத்தமான ஈயடிச்சான் காப்பி.

பிப்ரவரியில் அந்தக் கல்லூரி ஆராய்ச்சியாளர் கிருஷ்ணப்பிரியா முடிவோடு வந்தார். உட்காரவே இல்லை.

"சார், சகாயமாதா நகருக்குத் தண்ணி போற ரெண்டு கிணத்துலயும் ஈயம். அளவுக்கு மேல பன்னெண்டு மடங்கு. குழந்தைங்க குடிக்கிற தண்ணி. இன்னிக்கே ஜனங்ககிட்ட சொல்லணும், சம்மதம்னு ஒரு கையெழுத்து போடுங்க."

"பதினாலாவது ஷரத்து இருக்கேம்மா."

"தண்ணிக்கு எதுக்கு சார் அப்படி ஒரு ஷரத்து?"

நல்ல கேள்வி. இயக்குநரும் அதைத்தான் கேட்பார். படிக்காமல் காப்பி அடித்தேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூனில் பதவி உயர்வுப் பட்டியல். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா, வேறொன்றுமில்லை. கோப்பை விளக்கம் கேட்டுத் திருப்பினேன். எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தீர்கள், முத்திரை ஏன் சாய்ந்திருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டே நாளில் பதில் அனுப்பினார். வழக்குக்குப் பயந்த கல்லூரி முதல்வர் அவரை வெளியே வாய் திறக்க விடவில்லை. இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை கேட்க ஒன்றும் தோன்றாமல், இரண்டாவது கேள்வியையே மறுபடி காப்பி அடித்து அனுப்பினேன்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கி, டீ கொண்டுவரும் அருள்செல்விக்கு அந்தச் சகாயமாதா நகரில்தான் வீடு. ஏப்ரலில் ஒருநாள் என் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாப்பாவுக்கு ஒரே வவுத்து வலி சார். ஒடம்புல ரத்தமே இல்லன்றாங்கோ. இன்னா தண்ணி குடிக்கிறீங்கன்னு டாக்டரு கேக்கறாரு. எங்க தண்ணி கண்ணாடியாட்டம் கீது சார்."

அவள் துடைக்க வசதியாகக் கோப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோப்புதான். "ஜெபம் பண்ணிக்கிறேம்மா" என்றேன். பண்ணவும் செய்தேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவன் நான்.

ஜூனில் பதவி உயர்வு வந்தது. அலுவலகம் முழுக்கக் கேக் கொடுத்தேன். அருள்செல்வி பாப்பாவுக்கென்று ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றி எடுத்துப்போனாள்.

ஆகஸ்டில் அந்தக் குழந்தை ஜெனிஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈயம் என்று தெரிந்தது, பின்னாலேயே விசாரணைக்கு நீங்களும் வந்தீர்கள். பிழைத்துவிட்டாள். ஐந்து வயது. போன கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் வசனம் ஒன்று விடாமல் ஒப்பித்தவள். இப்போது பெயரைக் கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கிறாள். "எங்க சார் அப்பவே ஜெபம் பண்ணாரு, அதான் உசுரு தப்பிச்சிது" என்று அருள்செல்வி ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அதைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நான் ஒப்பந்தத்தை மீறினேனா என்று கேட்கிறீர்கள். மீறினேன், ஐயா. மறைக்க மாட்டேன். என் தங்கையும் அதே நகரில், மூன்றாவது தெருவில்தான் குடியிருக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். முடிவு வந்த அன்று மத்தியானமே போன் போட்டு, "இன்னிலேர்ந்து கேன் தண்ணிதான், கொழாய்த் தண்ணியப் பசங்க வாயில படவிடாத, ஏன்னு கேக்காத" என்றேன். மூன்றாவது ஆளிடம் நான் சொன்னது அந்த ஒரே ஒருமுறைதான். அது தப்பு. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.