வெறுங்கை விதி

எனக்குச் சண்டை என்றாலே ஆகாது ஐயா. பஸ்ஸில் எவனாவது என் காலை மிதித்தால்கூட நான்தான் 'சாரி' சொல்வேன். சுங்குவார்சத்திரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் லாட்ஜ் அறையில் சண்டை நடக்கும். மேஜைமேல், பகடையால். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் தாவீது என்றொரு பையன், அவன் அண்ணன் கப்பலில் இருக்கிறார். தொண்ணூற்றொன்று பிறந்ததும் லீவில் வந்தபோது அவர் கொண்டுவந்த விளையாட்டு அது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனாகிவிடுவார்கள். நான் கதை சொல்வேன். அடி விழுந்ததா, எவ்வளவு உயிர் போனது என்பதைப் பகடை சொல்லும். விதியில் சந்தேகம் வந்தால் நான் சொல்வதே முடிவு. கம்பெனியிலும் இன்ஸ்பெக்ஷன், இங்கேயும் அதே உத்தியோகமா என்று கேலி பண்ணுவார்கள்.

தாவீது வாள்வீரன். எங்கள் பிரஸ் ஆபரேட்டர், வடக்குப்பட்டு எல்லப்பன், ஆயுதமே வேண்டாமென்று மல்லனை எடுத்தான். வாரா வாரம் செத்தான். செத்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

"கத்தி வச்சிகினு கீறவனே ஜெயிச்சிகினு இருந்தா, கை இன்னாத்துக்கு சார் கீது?" என்றான் ஒருநாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையிலேயே அவனை எனக்குப் பிடிக்கும். அதனால் புது விதி போட்டேன்: வெறுங்கைக்காரன் பின்வாங்காமல் எதிரியை ஒட்டி உள்ளே புகுந்துவிட்டால், ஆயுதத்தை வீச இடமிருக்காது, அவனுக்குப் பாதி அடிதான்.

எல்லப்பன் ஜெயிக்க ஆரம்பித்தான். கேன்டீனில்கூட அதே பேச்சு. தாவீதுக்கு வயிற்றெரிச்சல். "சும்மா ரீல் வுடாதீங்க சார். கத்திக்குள்ள எவன் பூருவான்? அவன் மேல பாசத்துல போட்ட ரூல் இது" என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

அது எனக்கு உறைத்தது. அளக்காத பீஸை நான் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை. எங்கள் செக்ஷனில் ஒரு வழக்கம்: வந்த லாட்டில், அதாவது மொத்தச் சரக்கில், ஒரு பீஸை எடுத்து உடைத்துப் பார்ப்போம். உடைந்ததற்காக யாரும் வருத்தப்படுவதில்லை, மிச்சத்தை நம்பி அனுப்பலாம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் ஸ்டாப் பாபுவை உங்களுக்கே தெரியும். இடுப்பில் எப்போதும் சூரிக்கத்தி இருக்கும். அவனைப் போலீஸில் காட்டிக்கொடுத்தது எல்லப்பன் என்று டீக்கடையில் அவனிடம் சொன்னது நான்தான். பொய்தான். எல்லப்பனுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. ஷிப்ட் முடிந்து எந்த பஸ்ஸில் வந்து இறங்குவான் என்பதையும் சொன்னேன். நானும் அதே பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமல்லவா.

பாபு சூரியை உருவினான். எல்லப்பன் ஓடியிருக்கலாம், ரோடு காலியாகத்தான் இருந்தது. ஓடத்தான் திரும்பினான். திரும்பியவன் என்னைப் பார்த்தான், மேஜையில் சந்தேகம் வந்தால் பார்ப்பானே, அப்படி.

"உள்ள பூந்துடு எல்லப்பா" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

புகுந்தான். சூரி சின்னது, அதற்கு இடமே தேவையில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. விதியில் சூரிக்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

அவன் அம்மா பாஞ்சாலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது பக்கத்துல இருந்தியே நைனா" என்று அழுதாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் பாவி. குத்தியது பாபு, கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பின்னாலேயே வந்த கம்பெனி வேனை நிறுத்தி, அதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. வேனில் தாவீதும் இருந்தான்.

"உள்ள பூந்துட்டேன்ல சார்?"

"பூந்துட்ட."

"அப்போ பாதி அடிதான?"

"பாதிதான்" என்றேன். அதற்குமேல் அவன் பேசவில்லை.

சாகிறவனிடம் நான் பொய் சொன்னதாகத் தாவீது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அதை மட்டும் எழுதாதீர்கள் ஐயா. அப்போது விதி அதுதான். நான் அதை மாற்றியது மறுநாள் காலையில்.