கீழ்த்தளத்தில் நான் பேசியது

எனக்கு மைக் தேவைப்படாது சார். இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

அந்தப் பாடத்தில் 'இண்டிக்னாசியோ' என்று ஒரு லத்தீன் சொல் வரும். கேட்கிறவர்களுக்கு ஆத்திரம் மூட்டும் வித்தைக்குப் பழங்காலத்தில் வைத்த பெயர். குற்றத்தை அதிகம் ஆராயாதே, பாதிக்கப்பட்டவரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்து என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் குடியிருப்பின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்த்தேன். போன் வந்தது. பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுத் தம்பியின் நான்கு வயது மகள் அதில் விழுந்து இறந்துபோனாள்.

சாயங்காலம் எல்லோரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். முந்தின நாள் தொட்டி மோட்டாரைப் பழுதுபார்த்தவரை யாரோ இழுத்து வந்திருந்தார்கள்.

"நான் மூடிட்டுத்தாங்க போனேன்," என்றார் அவர்.

குழந்தையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க பேசுங்கண்ணே. எனக்கு வாய் வரல."

அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம்.

பேசினேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். தொட்டியோரம் கிடந்த அவளுடைய ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் விம்ம ஆரம்பித்ததும் மோட்டார்காரர் பக்கம் திரும்பினேன். "உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா மூடியிருப்பீங்கல்ல?"

அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. தூண் ஓரமாக ஒதுங்கி நின்று கண்ணாடியைத் துடைத்தேன். அவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

நேற்று அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க சொன்னா நாலு பேர் கேப்பாங்க சார். அவர் மூடிட்டுத்தான் போனாருன்னு ஒரு வார்த்தை பேசுங்க. ஸ்கூல்ல என் பொண்ணைக் கொலைகாரன் மகள்னு சொல்றாங்க."

அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே, "பேசறேம்மா," என்றேன்.

அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். மூடியைத் திறந்துபோட்டவன் நான். பேசும்போதும் அது எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரை அடிக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை சார். அதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.