டெல்மரின் ஜன்னல் வலை

வெல்டிங் பார்த்த கைக்குக் காபிக் கோப்பையின் சூடு தெரியாது. என் கை தாங்குகிற சூட்டிலேயே உங்களுக்கும் ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. ஆறட்டும் தம்பி, மெதுவாகக் குடியுங்கள். ஷெரிஃப் உங்களை எதற்கு அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். பிரஷி ஃபோர்க் கார்ப்பந்தய டிராக்கில் யாரோ தன் மச்சினன் கார் ஓட்டுவதைப் படம் பிடித்திருக்கிறான். ஏழு மாதம் அலமாரியில் கிடந்த சுருளை இப்போதுதான் கழுவக் கொடுத்திருக்கிறான். அதில் என் கை தெரிகிறது. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

பெயர் ஹாயில் பம்கார்னர். வயது நாற்பத்தெட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை மரச்சாமான் ஆலையில் வெல்டர். வருடத்துக்கு எட்டு பந்தயம், அதிகம் போனால் ஒன்பது. வண்டியும் என்னுடையது, ஓட்டுவதும் நானே. பன்னிரண்டு வருடத்தில் தொண்ணூற்றேழு பந்தயம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட ஜெயித்ததில்லை.

பிரஷி ஃபோர்க்கில் ஜெயித்தவன் பெயரை டிக்கெட் கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதுவார்கள். அந்தச் சுவரில் ஒரு வரி. எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. போன வருடம் என் மனைவி ஐலீன் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த அக்டோபரோட முடிச்சுக்கோ. இல்லேன்னா அந்த வண்டியிலயே குடித்தனம் பண்ணிக்கோ." வாக்குக் கொடுத்தேன். ஆகவே அந்த அக்டோபர் ஞாயிறு எனக்குக் கடைசி.

டெல்மர் ஷூக் வாராவாரம் ஓட்டுகிறவன். கோழித்தீவன வியாபாரி ஒருவர் அவனுக்குச் செலவழித்தார். சுவரில் அவன் பெயர் பதினோரு முறை இருந்தது. இறந்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எப்போதும் கடைவாயில் புகையிலை. சோடா பாட்டில் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதில் துப்புவான். பாதி பாட்டில் பழுப்பாக, கொழகொழவென்று ஆடும். அதே விரலால் அவித்த வேர்க்கடலையை உரித்து, "சாப்பிடுண்ணே" என்று நீட்டுவான். வாங்கித் தின்பேன்.

ஏன் தின்றேன் என்று கேட்பீர்கள். முழுநேரக்காரர்கள் ஓட்டிக் கழித்த டயரில்தான் எங்களைப் போன்ற பகுதிநேரக்காரர்கள் ஓட்டுவோம். பந்தயம் முடிந்ததும் டெல்மர் தன் பழைய டயர்களை என் பக்கம் உருட்டிவிடுவான். "எடுத்துக்கோண்ணே, இன்னும் பாதி உசுரு இருக்கு." எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே. அவன் எச்சிலை மிதித்து ஓடிய டயர். அதைக் கழுவி மாட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஓடுவேன்.

அந்த வருடம் பிப்ரவரியில் அவன் என் கொட்டகைக்கு வந்தான். இருக்கைக்குப் பின்னால், வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சட்டமாக ஒரு குழாய் வைத்துத் தரவேண்டும் என்றான். அதில் மூன்று காலன் பெட்ரோல் ஒளித்து வைக்கலாம். மற்றவர்கள் பெட்ரோல் போட நிற்கும்போது நிற்காமல் ஓடலாம். சோதனை செய்பவர்கள் தொட்டிக்குள் எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பார்களே தவிர, சட்டத்தைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"இது திருட்டுத்தனம் டெல்மர்" என்றேன்.

"போண்ணே, பெரிய பாதிரியார் மாதிரி. எல்லாரும் பண்றதுதான். உன் கை மாதிரி சுத்தமான கை இந்த கவுண்டியிலயே கிடையாது, அதான் உன்கிட்ட வந்தேன்."

சீ என்று போய்விட்டது. இருந்தாலும் செய்து கொடுத்தேன். பதிலுக்கு இரண்டு புது டயர் கொடுத்தான். புது டயர் வாசனை எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் பந்தயத்தன்று வண்டிகள் வரிசையில் நிற்கும்போது டெல்மர் சத்தமாகச் சொன்னான். "நம்ம ஹாயில் அண்ணன் ஈஸ்டருக்கு ஈஸ்டர் சர்ச்சுக்கு வர்ற ஆளு. வருசத்துக்கு ஒருதரம் முகத்தக் காட்டுவாரு, அப்புறம் சொர்க்கத்துல சீட்டு கேப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருநூறு சுற்று. நூற்றறுபதுக்கு மேல் ஒவ்வொருவராகப் பெட்ரோலுக்கு நின்றார்கள். நான் நிற்கவில்லை. முதல் இடத்துக்கு வந்தேன். ஹாயில் பெட்ரோலைச் சிக்கனமாக வைத்து ஓட்டுகிறார் என்று ஒலிபெருக்கியில் புகழ்ந்தார்கள். டெல்மரும் நிற்கவில்லை. அவன் இரண்டாவது. ஒன்பது சுற்று பாக்கி இருக்கும்போது நான்காவது வளைவில் என் பின் பம்பரில் இடித்தான். இரண்டு வண்டியும் சுழன்று சுவரில் மோதி நின்றன. எங்கள்மேல் மோதாமல் விலகப் போன இன்னொருவன் தூரத்தில் புல்வெளியில் கவிழ்ந்தான். டிக்கெட் கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் என் பெயர் என்ற ஆசை அத்தோடு போயிற்று.

எனக்கு அடியில்லை. என் ஜன்னல் வலையை இறக்கிவிட்டு வெளியே வந்தேன். நீங்கள் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்தவர், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓட்டுகிறவன் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி கிடையாது, வலைதான். மோதினால், நன்றாக இருப்பவன் தானே வலையை இறக்கவேண்டும். இறங்கிய வலை என்றால் ஆள் நலம். இறங்காத வலை என்றால் அங்கேதான் முதலில் ஓடவேண்டும். பிரஷி ஃபோர்க்கில் மீட்பு வண்டி ஒன்றே ஒன்று.

டெல்மரின் வலை இறங்கவில்லை. நான் போனேன். பெட்ரோல் நாற்றம் அடித்தது. புகையிலைச் சாறு அவன் முகவாயில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கை உடைந்து மடியில் கிடந்தது.

"பெல்ட்டு பக்கிள் சிக்கிக்கிச்சுண்ணே. உன் கத்தியால அறுத்துவிடு" என்றான்.

பெல்ட் அறுக்கும் கத்தி எப்போதும் என் காலுறையில் இருக்கும். நான் ஜன்னலின் மேல்கொக்கியை விடுவித்து வலையை இறக்கினேன். அவன் "நல்லா இருப்பண்ணே" என்றான். பெல்ட்டை அறுக்கத்தான் இறக்குகிறேன் என்று நினைத்தான்.

மீட்பு வண்டி எங்களை நோக்கித்தான் வந்தது. ஓட்டிய ரூஃபஸ் வலை இறங்கியிருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். புல்வெளிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அங்கே கவிழ்ந்தவனுக்கு மூக்கில் மட்டும் ரத்தம். நான் என் வண்டிக்குத் திரும்பினேன். படத்தில் நான் ஓடவில்லை, நடக்கிறேன் என்கிறீர்கள். உண்மைதான். அவசரம் ஒன்றும் இல்லையே.

அப்புறம் நெருப்பு பிடித்தது. சத்தத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. வெகுநேரம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். நண்பனைக் காப்பாற்ற நெருப்பில் கையை விட்டவன் என்று அதில் எழுதியிருந்தது; அவன் ஜன்னலில் என் கையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். மேடையில் என் கையை உயர்த்திக் காட்டச் சொன்னார்கள். இருபது வருட வெல்டிங் தழும்பைப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள். அந்த அழுகை எனக்கு அருவருப்பாக இருந்தது. டெல்மரின் மனைவி வெர்னெல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவருகிறாள். "நீங்க இல்லேன்னா அவரு தனியாவே போயிருப்பாருண்ணே" என்பாள். அவள் கை அவன் கையைத் தொட்ட கை. அந்தப் பலகாரத்தை நாய்க்குப் போட்டுவிடுவேன்.

டெல்மர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னான். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. கத்தியை எடு என்று சொல்லிவிட்டு, வலியோடு சிரித்தான். "நீயும் பெட்ரோலுக்கு நிக்கலியே. உன் வண்டிலயும் குழா வச்சிருக்கேல்ல? அட கள்ளா, நீயும் நம்ம ஆளுதாண்ணே." அதற்குப் பிறகுதான் என் கை கொக்கிக்குப் போனது.

ஆமாம், என் வண்டியிலும் குழாய் இருக்கிறது. பின்கொட்டகையில் நிற்கிறது, தட்டிப் பாருங்கள். அவனுடையது போல விரிசல் விட்டு ஒழுகியிருக்காது. என்னுடையதற்கு இரண்டு முறை வெல்டிங் பிடித்தேன், அவனுடையதற்கு ஒரே முறை. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏமாற்றி ஓட்டினவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி. பன்னிரண்டு வருடமாக என் வண்டியில் யாரும் ஒரு குறையும் கண்டுபிடித்ததில்லை.