எனக்கு இன்னான்னு கேப்ப?

சுங்குவார்சத்திரத்தில் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"ஸ்டெல்லா, எங்க வூட்டுக்காரருக்கு ஜெபம் பண்றத நிறுத்திடு."

"என்னக்கா சொல்லுதிய?" இளையவள் பேச்சில் திருநெல்வேலி தெரிந்தது.

"தண்டலத்துல வண்டியிலேர்ந்து விழுந்து ஏழு மாசமாச்சு. இன்னும் நெனவு வரல. முதுகெல்லாம் புண்ணு. பொரட்டிப் போட்டா மூஞ்சி மட்டும் கோணுது. வலி மட்டும் தெரியுது போல."

"கர்த்தர் கைவிட மாட்டாருக்கா."

"நானும் வாராவாரம் குன்றத்தூர் மலை ஏறிக்கினுதான் இருந்தேன். மொதல்ல, எழுந்து நடக்கணும்னு முருகன்கிட்ட கேட்டேன். அப்பால, கண்ணத் தொறந்தா போதும்னு கேட்டேன். போன செவ்வாக்கெழம, கூட்டிக்கினு பூடுப்பான்னு கேட்டுட்டேன்."

ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ காப்பாத்துன்னு கேக்குற. நான் கூட்டிக்கோன்னு கேக்குறேன். நடுவுல அந்த மனுசன் எந்தப் பக்கமும் போவ முடியாம கெடக்குறாரு."

"அப்படிக் கேக்கது பாவம்லா அக்கா."

"அந்தப் பாவம் என்னோட போவட்டும். நீ ஒண்ணும் கேக்காத."

பிறகு ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்.

"சரிக்கா, அண்ணனுக்குப் பண்ணல. உங்களுக்காகப் பண்ணட்டுமா?"

அந்த அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இன்னான்னு கேப்ப?"

பஸ் வந்தது. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஓரகடத்தில் இறங்கும் வரை ஸ்டெல்லா அந்த அக்காவின் கையை விடவில்லை.