பளிங்கில் போடாத துளை

சமையலறை சிங்க்கை மாற்றுவதற்குச் சிங்க்கின் விலை மட்டும்தான் ஆகும் என்று நினைப்பவர்கள், அதை ஒருமுறைகூட மாற்றாதவர்கள். சிங்க்கைப் பெயர்த்தால் மேடை உடையும். மேடை உடைந்தால் சுவர் ஓடுகள் கழன்று வரும். ஓடுகள் போனபின் உள்ளே குழாய் துருப்பிடித்துக் கிடப்பது தெரியும். செதீஃப் நகரில் ஓர் அரசுப் பள்ளி விடுதிக்கு முப்பத்தொரு வருடம் பொருள் வாங்கிப் போட்டவன் நான். அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஐயா.

உங்கள் மேசையில் இருக்கும் என் பழைய வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரியைத் திருத்தத்தான் வந்தேன். 'துளையை மூடினால் ஆபத்து என்று கொத்தனார் நுவார் எங்களிடம் சொல்லவில்லை' என்ற வரி. அந்த வரியால் நுவார் பதினொரு நாளாகக் காவலில் இருக்கிறார். அவர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

எங்கள் பழைய மேடை சிமெண்டில் சிறு கற்கள் பதித்துத் தேய்த்த மேடை. நடுவில் வெடிப்பு. என் மனைவி தாவுஸ் அதன்மேல் மாவு பிசையும்போதெல்லாம் வெடிப்புக்குள் போன மாவை ஊசியால் நோண்டி எடுப்பாள். மாற்றித் தரச் சொல்லி இருபத்திரண்டு வருடம் கேட்டாள். நான் மறுக்கவில்லை. விலை இறங்கட்டும் என்று மட்டும் சொல்லிவந்தேன். விலை இறங்கவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

போன இலையுதிர்காலத்தில் அவள் தன் தாய் போட்டுவிட்ட மாலையிலிருந்து இரண்டு லூயி பொற்காசுகளைக் கழற்றி விற்றுவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று சாதாரணமாகத்தான் விசாரித்தேன்.

"இருபத்திரெண்டு வருசம் உங்க வாயப் பாத்துக்கிட்டு நின்னேன்," என்றாள். "இப்ப என் கழுத்தப் பாத்துக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு வாய் அதிகம், மனத்தில் ஒன்றும் இருக்காது.

பளிங்கு அறுக்கும் பட்டறைக்கு நானும் போனேன். முதலாளி என்னைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடத்தில் அவள் பக்கம் திரும்பிவிட்டார். ஸ்கிக்தா பக்கத்து வெள்ளைக் கல், குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு நரம்பு ஓடியது. அவள் மோதிரத்தால் தட்டிப் பார்த்து, இதுதான் என்றாள். மேடைக்கு ஒரு பலகை, சுவருக்கு ஒரு பலகை, இரண்டு தொட்டி உள்ள எஃகு சிங்க், புதுக் குழாய், பழையதை இடித்து அள்ளும் கூலி, எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் தினார். நான் பேரம் பேச வாயெடுத்தபோது, சும்மா இருங்க ஹாஜியார், கல்லு வெக்கப்படுது என்றாள். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நுவார் நல்ல வேலைக்காரர். மூன்று நாளில் மேடையும் சிங்க்கும் உட்கார்ந்துவிட்டன. நான்காம் நாள் சுவர்ப் பலகை. அந்தச் சுவரில், வாயுவில் எரியும் கீசருக்குப் பக்கத்தில், வெளிக்காற்று வருவதற்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு துளை இருந்தது. இந்த ஊரில் வாயு இணைப்புள்ள எல்லாச் சமையலறையிலும் அது இருக்கும். குளிர்காலத்தில் பாதிப் பேர் அதில் பழந்துணியைத் திணித்துவைப்பார்கள். தாவுஸ் அப்படிச் செய்யவிட்டதில்லை. அன்று அவள் காப்பித்தூள் வாங்கக் கீழே போயிருந்தாள். நுவார் பலகையைச் சாய்த்துவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஹாஜியார், இந்தத் துளைதான் கீசரோட மூக்கு. மூக்கப் பொத்திட்டா அது விஷத்த வீட்டுக்குள்ளயே கக்கும். கல்லுல வட்டமா அறுத்து கம்பி வல வச்சுத் தர்றேன். எட்டாயிரம் ஆகும். அறுக்கறப்ப கல்லு விரிசல் விட்டா அது உங்க பாடு."

எட்டாயிரம் எனக்குப் பெரிய பணமில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காக நான் மறுக்கவில்லை. அந்தச் சாம்பல் நரம்பு சரியாகத் துளை வரவேண்டிய இடத்தில் ஓடியது. அது ஒரு காரணம். இன்னொன்று, கல்லை அவள் தேர்ந்தெடுத்தாள், சிங்க்கை அவள் தேர்ந்தெடுத்தாள், கொத்தனாரை அவள் அழைத்தாள், பணத்தை அவள் கொடுத்தாள். நான்கு நாளில் முதல்முறையாக நுவார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வேண்டாம், மூடிவிடுங்கள் என்றேன். அந்தச் சமையலறையில் நான் எடுத்த ஒரே முடிவு அது.

அவர் வாதாடினார். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு குடும்பமே போனதைச் சொன்னார். என் வீடு, என் பொறுப்பு என்றேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். தலையாட்டிவிட்டுப் பசையைக் குழைத்தார்.

தாவுஸ் மேலே வந்ததும் முதலில் கல்லைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அப்புறம்தான் துளை எங்கே என்று கேட்டாள். நுவார் அப்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். புகைக்குழாயே போதும், துளை தேவையில்லை என்று நுவார் சொல்லிவிட்டார் என்றேன். அவர் சொன்னால் சரி என்றாள்.

டிசம்பரில் அவளுக்குத் தலைவலி வந்தது. பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். புதுப் பசையின் நெடி என்றேன். இரண்டு வாரம் கழித்து, நுவாரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன். மறுநாள் கேட்டபோது, அவர் பத்னாவில் வேலையாக இருக்கிறார், மாதக் கடைசியில் வருவார் என்றேன். அன்று காலையில்தான் ரொட்டிக் கடை வரிசையில் நுவார் எனக்கு முன்னால் நின்றிருந்தார். கீசர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

நுவார் வரும்வரைக்கும் என்று சொல்லி, தாவுஸ் துணி காயப்போடும் சின்ன பால்கனியின் ஜன்னலைத் திறந்துவைக்க ஆரம்பித்தாள். சமையலறைக் கதவு அந்தப் பால்கனிக்குத்தான் திறக்கும். வெளியே பனி. தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழ்வீட்டு ராபஹ் படியில் என்னை மறித்து, "என்ன ஹாஜியார், தெருவுக்கும் சேத்து ஹீட்டர் போட்டு விட்டிருக்கீங்களா?" என்றான். அந்த ஜன்னல் திறந்திருந்த ஒவ்வொரு நாளும் நான் தப்பு செய்தேன் என்று அது ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி எனக்குத் தோன்றியது.

ஜனவரி பதினாறு, காலை பத்து மணி. ஓரானில் இருக்கும் எங்கள் மகள் சிஹெம் மறுநாள் வருவதாக இருந்தது. அவளுக்காகத் தாவுஸ் கஸ்ரா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் செய்தித்தாள் படித்தேன். சிங்க்கில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெந்நீர் ஓடினால் கீசர் எரிகிறது என்று பொருள். சத்தம் நிற்கவில்லை. தண்ணீரை இப்படி வீணாக்குகிறாளே என்று நினைத்தேன். விளையாட்டுப் பக்கம் முடிந்து, மரண அறிவிப்புகளும் முடிந்தபின் எழுந்து போனேன். மேடைக்குக் கீழே கிடந்தாள். விரல்களில் மாவு ஈரமாகவே இருந்தது. முகம் சிவந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல இருந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. முப்பத்துநான்கு வருடத்தில் நான் அவளை அப்படி வைத்துக்கொண்டதில்லை.

சிஹெம் தொலைபேசியில் அழுதுகொண்டே ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்தத் துளைய யாருப்பா மூடினது?" நுவார் என்று என் வாயில் வந்துவிட்டது. அது பொய்யில்லை, அவர் கைதான் மூடியது. அவர் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா என்றாள். இல்லை என்றேன். பிறகு போலீஸ்காரர் கேட்டபோது மகளிடம் சொன்னதையே சொன்னேன். ஆளுக்கு ஒரு பேச்சு பேசுபவன் அல்ல நான்.

முந்தாநாள் நுவாரின் மனைவி சலீஹா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சத்தம் போடவுமில்லை.

"அவரு சொல்லலன்னு சொல்றீங்க. சரி ஹாஜியார். எங்க வீட்டு வாசலுக்கு வந்து, எம் பசங்க முன்னாடி அதே வார்த்தய ஒருவாட்டி சொல்லிட்டுப் போங்க. அப்பறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நேற்று அவர்கள் தெருமுனைவரை போனேன். அங்கிருந்தே திரும்பிவிட்டேன். இன்று இங்கே வந்தேன். இதைக் கேட்டால் சிஹெம் இனி என் வீட்டுப் படி ஏற மாட்டாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். ஆனாலும் நுவாரை அனுப்பிவிடுங்கள்.

தீயணைப்புக்காரர்கள் எழுதியதில் ஒன்று இருக்கிறது, ஐயா. பால்கனி ஜன்னல் திறந்திருந்தும் இப்படி நடந்திருக்கிறதே என்று அவர்கள் வியந்திருக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. அவளைப் பார்த்தபின் அதைத் திறந்தவன் நான்.

காலை ஒன்பதரைக்கு அதை மூடியவனும் நான்தான். பால்கனியில் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஜன்னல் மூடியிருப்பது சமையலறையிலிருந்து தெரியாது. சிஹெம் வரும்போது வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ராபஹ் கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான், அதையும் பார்த்தேன்.

நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும், குழாயைத் திறக்குமுன் தாவுஸ் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, ஜன்னல் தெறந்துதான இருக்கு? தல சுத்துது."

திறந்துதான் இருக்கிறது என்றேன். அவள் பயப்படாமல் வேலை செய்யட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், ஐயா.