வாசல் வரைக்கும் தண்ணீர்

ஷஃபீகா: எழுந்திரு இரீனி. நற்கருணை வாங்கியாச்சு, குருத்தோலையும் வாங்கியாச்சு. வீட்டுக்குப் போ.

இரீனி: இன்னும் முடியலையே அத்தை.

ஷஃபீகா: பூசை முடிஞ்சிடுச்சு. இனிமே இருக்கறது சாவு ஜெபம். அது உனக்கு இல்ல.

இரீனி: கோயில்ல இருக்கற எல்லாருக்கும்தான்னு பூசை வைக்கற அபூனா சொன்னாரே.

ஷஃபீகா: அபூனா வீட்டு அடுப்புல பயறு கொதிக்கல. நம்ம வீட்டுல கொதிக்குது. தண்ணி வத்தினா அடிப்பிடிச்சிடும்.

இரீனி: அணைச்சிட்டுத்தான் வந்தேன்.

ஷஃபீகா: எப்ப?

இரீனி: நீங்க முக்காடு தேடிக்கிட்டு இருந்தப்ப.

ஷஃபீகா: நல்லா அணைச்சே போ. வேகாத பயறை வெச்சுக்கிட்டு மத்தியானம் என்னத்தத் திங்கறது?

மத்லீன்: உஷ்... மாமியாரும் மருமகளும் சந்தைக்கா வந்திருக்கீங்க?

ஷஃபீகா: நீ உன் ஓலையைப் பின்னு மத்லீன். கழுதை பண்றேன்னு ஆரம்பிச்சே, எலி மாதிரி இருக்கு.

மத்லீன்: எலி மேல ஏறியா எருசலேமுக்குள்ள வந்தார்? கழுதைதான் இது. காது இன்னும் வைக்கல.

இரீனி: வாலும்.

மத்லீன்: நீயும் சேர்ந்துக்கிட்டியா? சரி சரி, ராகம் துக்கத்துக்கு மாறப் போகுது. நான் முன் பெஞ்சுக்குப் போறேன். வர்றீங்களா?

ஷஃபீகா: எதுக்கு?

மத்லீன்: புது அபூனாவை ஞானஸ்நானத் திருநாள்ல பார்க்கலையா? முன் வரிசைக்கு ஜெபிச்ச தண்ணியை ரெண்டு வீசு வீசினார், உள்ள போயிட்டார். பின்னாடி இருந்தவங்க மேல ஒரு சொட்டு விழல. இன்னைக்கும் அப்படித்தான் செய்வார். தண்ணி மேல படலேன்னா என்ன கதி? இந்த வாரத்துல கண்ணை மூடினா நமக்குன்னு தனியா ஜெபம் கிடையாது.

இரீனி: ஏன் கிடையாதுன்னு வெச்சிருக்காங்களோ...

மத்லீன்: ஆண்டவர் சாவுக்கு நடந்து போற வாரம்டி இது. அந்த ஒரு சாவுக்குத்தான் அழணும். மத்தவங்க எல்லாருக்கும் இப்பவே, மொத்தமா, முன்கூட்டியே. வரேன்.

ஷஃபீகா: போ போ, எலியை மிதிச்சிடாதே... இரீனி, நீ இன்னும் உக்காந்திருக்கே.

இரீனி: நீங்களும்தான் உக்காந்திருக்கீங்க.

ஷஃபீகா: நான் கிழவி. இந்த வாரமே போனாலும் போவேன். எனக்கு நான் கேட்டுக்கறேன், உனக்கென்ன? சும்மா வாசல் பக்கமா நடந்து போ. யாரும் பார்க்க மாட்டாங்க.

இரீனி: அவர் கிளம்பின வாரமும் இதுதானே அத்தை.

ஷஃபீகா: யாரு?

இரீனி: நமக்கு வேற யார் இருக்கா.

ஷஃபீகா: என் மகன் பிமென் வேலைக்குப் போயிருக்கான்.

இரீனி: குருத்து ஞாயிறு. இதே ஜெபம் ஆரம்பிக்கறப்ப...

ஷஃபீகா: வாசல்ல பையோட நின்னான். லிபியாவுக்குப் போற வேன். வேன்காரன் ஹாரனை அடிச்சுத் தள்ளினான். நான் எழுந்து ஓடிப் போய்க் கையைப் பிடிச்சேன். தண்ணி தெளிக்கற வரைக்கும் நில்லுடான்னேன்.

இரீனி: என்ன சொன்னார்?

ஷஃபீகா: சிரிச்சான். அங்க கடலே இருக்கும்மா, தண்ணிக்கா பஞ்சம்னான்.

இரீனி: இதை நீங்க எங்கிட்ட சொன்னதே இல்ல.

ஷஃபீகா: சொல்றதுக்கு என்ன இருக்கு இதுல.

இரீனி: அங்கேர்ந்து அக்கரைக்குப் படகு ஏறினது வியாழக்கிழமைன்னாங்க. அந்த வாரமே... அதுக்கப்புறம் ஒருத்தரும் பேசல. கூடப் போனவங்களும் பேசல.

ஷஃபீகா: பேசாதவன் எல்லாம் செத்தவனா? உங்க அண்ணனும்தான் பேசறதில்ல. அலெக்சாந்திரியால தின்னு கொழுத்துட்டு இருக்கான்.

இரீனி: நேத்து அவர் சட்டையை இஸ்திரி போட்டீங்க.

ஷஃபீகா: சுருங்கியிருந்துச்சு.

இரீனி: நானும் பார்த்துட்டு, அந்த நீலத்தையும் போட்டு வைங்க, அடுத்த மாசம் வந்துடுவார்னு சொன்னேன்.

ஷஃபீகா: சொன்னே.

இரீனி: நீங்க தூங்கணுமேன்னு சொன்னேன் அத்தை. கோபமா?

ஷஃபீகா: ராகம் மாறிடுச்சு. கறுப்புத் துணி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. போடி, சொன்னாக் கேளு. உள்ள உக்காந்து நீ அழுதா, ஊர் நாளைக்கே உன்னை விதவைன்னு கூப்பிடும்.

இரீனி: கூப்பிடட்டும். இப்ப என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. அதுக்கு இது தேவல.

ஷஃபீகா: வாய் ரொம்ப நீளமாயிடுச்சு உனக்கு.

இரீனி: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வருஷாவருஷம் வீட்டுக்குப் போன்னு அனுப்புவீங்களே... நான் போனதே இல்ல.

ஷஃபீகா: எங்க போனே?

இரீனி: வாசல் கதவுக்குப் பின்னாடி நின்னுடுவேன். பழைய அபூனா தெளிக்கறப்ப அங்க வரைக்கும் தண்ணி வந்து விழும். எப்படியோ விழும். உங்க மகனுக்குன்னு நான் வாங்கிப்பேன். அப்புறம் குறுக்குச் சந்துல ஓடி, நீங்க வர்றதுக்குள்ள அடுப்பு முன்னாடி நின்னுடுவேன்.

ஷஃபீகா: முக்காடு நனைஞ்சிருக்கும்.

இரீனி: பாத்திரம் கழுவினேன்னு சொல்வேன்.

ஷஃபீகா: தலையில வெச்சா கழுவினே?

இரீனி: ...தெரியுமா உங்களுக்கு?

ஷஃபீகா: மெல்லப் பேசு. அபூனா தண்ணிப் பாத்திரத்தைக் கையில எடுத்துட்டார்.

இரீனி: இவர் கை அவ்வளவு தூரம் வராதுன்னு எனக்கும் தெரியும். அதான் இந்த வருஷம் நகர மாட்டேன்னு உக்காந்துட்டேன்.

ஷஃபீகா: பைத்தியமே. அதுக்குத்தானே உன்னைக் காலையிலேர்ந்து விரட்டிட்டு இருக்கேன்.

இரீனி: எதுக்கு?

ஷஃபீகா: பழைய அபூனாவுக்குத் தோள் வலி. தலைக்கு மேல கையைத் தூக்க மாட்டார். அவர் தண்ணி தானாவா வாசலுக்கு வந்துச்சு? முதல் வருஷமே உன் செருப்பைக் கதவடியில பார்த்துட்டேன். நான்தான் அவர்கிட்டச் சொல்லி வெச்சேன். நேத்து இவர்கிட்டயும் போய்ச் சொன்னேன். ஒரு கை தண்ணி வாசல் வரைக்கும் போகணும், அங்க என் மருமக நிப்பா, அவ தனியா அழட்டும், நான் இங்க தனியா அழுதுக்கறேன்னு.

இரீனி: அத்தை... இப்ப வாசல்ல யாரும் இல்லையே. ஓடிப் போய் நிக்கட்டுமா?

ஷஃபீகா: வேண்டாம். உக்காரு, கையைக் கொடு. தண்ணி அங்கயே போகட்டும். அவன் அன்னைக்கு அங்கதான் நின்னான்.